குடும்பப் பெயர் கட்டாயம்

ஓசூரில் ஐந்தே முக்கால் வண்டியைப் பிடித்தால்
அத்திப்பள்ளி நெரிசலுக்கு முன்னால்
எலெக்ட்ரானிக் சிட்டி.
தமிழில் தொடங்கும் பேச்சு
தெலுங்கில் சண்டையாகி
கன்னடத்தில் டிக்கெட் வாங்கும்.
எனக்கு மூன்றும் வரும்.
நேர்காணலில் கேட்ட நான்காவதுதான்
தொண்டையில் முள்ளாக நின்றது.

பிழை பிடிப்பது என் வேலை.
யாரோ கட்டிய வாசலை
ஆயிரம் தடவை தட்டிப் பார்ப்பேன்.
எண் கேட்கும் இடத்தில் எழுத்தைப் போட்டால்?
ஒன்றுமே போடாமல் விட்டால்?

கெலமங்கலம் அரசுப் பள்ளியில்
பதினொரு கணினி, ஏழுக்கு உயிர்,
நாற்பத்திரண்டு பேர்.
பையன்கள் நாற்காலியில்.
நாங்கள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு.
திம்மராயனின் வலது காதுக்கு மேலே
தெரிந்த கால்வாசித் திரைதான்
நான் படித்த கணினி அறிவியல்.
அவன் தப்பாக அடிக்கும்போதெல்லாம்
“அரைப்புள்ளி, அரைப்புள்ளி” என்று கிசுகிசுப்பேன்.
அந்த முன்னனுபவத்தை எழுத
விண்ணப்பத்தில் கட்டம் இல்லை.

இருந்த கட்டம் வேறு:
குடும்பப் பெயர். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
எங்களுக்குக் குடும்பம் உண்டு, பெயர் உண்டு,
இரண்டும் சேர்ந்து ஒன்று கிடையாது.
கெ. மாதேஸ்வரி, அவ்வளவுதான் நான்.
இனிஷியலைப் போட்டேன்.
ஒற்றை எழுத்து போதாது என்றது.
புள்ளி வைத்தேன். புள்ளி செல்லாது.
பிரவுசிங் சென்டரில் மணிக்கு நாற்பது ரூபாய்,
கடிகாரம் ஓட ஓட
அப்பாவை முழுசாக எழுதினேன்.
கெம்பன்.
பச்சை டிக் விழுந்தது.

சேர்ந்த அன்றே மடல்:
டியர் மிஸ்டர் கெம்பன்.

ராயக்கோட்டை மண்டியில்
தக்காளிக் கூடை தூக்கும் அப்பாவை
மண்டிக்காரர் மகன் ‘ஏய்’ என்பான்.
என்னைவிட நாலு வயது சின்னவன்.
இங்கே ஒன்பதாம் மாடியில்
என்னைப்போல் எட்டு மடங்கு சம்பளம் வாங்குபவர்
மேசைக்கு அந்தப்புறமிருந்து
“கெம்பன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்கிறார்.
அப்பாவுக்குப் பதிலாக
நான் நினைத்ததைச் சொல்கிறேன்.

அது பிழை என்று தெரியும்.
எழுதிப் பதியவில்லை.
பதினான்கு மாதம்
ஒரு பிழையை மடியில் கட்டிக்கொண்டு
சம்பளம் வாங்கினேன்.

போன மாதம் ஆய்வுக்கு ஒரு பட்டியல் தந்தார்கள்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்,
‘பாதியில் கைவிட்டவர்கள்’ என்று தலைப்பு.
அதில் பூங்காவனம், அரூர்.
அவள் அடித்ததெல்லாம் நேரத்தோடு பதிவாகியிருந்தது.
ஒரு எழுத்து. அதே எழுத்து, புள்ளியோடு.
வெற்றிடம். மறுபடி வெற்றிடம்.
இரவு 11:52க்கு
‘அப்பா இல்லை’ என்று ஆங்கிலத்தில்.
இடைவெளி கூடாது என்றது இயந்திரம்.
11:53. மூடிவிட்டாள்.

யார் கைவிட்டது யாரை என்று
நான் அந்தத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிழை எண் 4086.
கண்டுபிடித்தவர் என்ற இடத்தில்
தானாகவே வந்து உட்கார்ந்தது: கெம்பன்.
தீவிரம்: உயர்.
காலையில் மேலாளர் ‘தாழ்’ என்று மாற்றியிருந்தார்,
“பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறதே.”
உயர் என்று மாற்றினேன்.
அவர் தாழ்.
நான் முந்நூற்றுப் பன்னிரண்டையும் இணைத்து
உயர்.
இன்னும் திறந்தே இருக்கிறது.

சரிசெய்துவிட்டால்
மடல்கள் என் பெயருக்கு வரும்.
அப்பாவுக்கு மரியாதை எழுத
அந்தக் கட்டடத்தில் யாரும் மிஞ்சமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டிக்குப் போனேன்.
எடைமேடை ஓரம் நின்று உரக்கக் கூப்பிட்டேன்,
“மிஸ்டர் கெம்பன்!”
மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.
அப்பா திரும்பவில்லை,
கூடையைத் தூக்கிக்கொண்டு
லாரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.